ஹரார்: தோல்விக்குப் பின் எழுந்த மதில்

எத்தியோப்பியாவின் கிழக்கு மேட்டுநிலத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஹரார். அங்குள்ள பழைய நகரத்துக்கு ஜுகோல் என்று பெயர். அதைச் சுற்றிச் சுமார் மூன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கல் மதில் ஓடுகிறது. மதிலுக்குள் இருப்பது 48 ஹெக்டேர், அதாவது சுமார் 120 ஏக்கர். அந்த 120 ஏக்கருக்குள் 82 பள்ளிவாசல்களும் 102 தர்காக்களும் இருப்பதாக யுனெஸ்கோவின் பதிவு சொல்கிறது. 2006இல் இந்த நகரம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

ஹராரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைத்தான் சொல்வார்கள். ஒன்று, இரவில் மனிதர் கையிலிருந்து இறைச்சி வாங்கித் தின்னும் கழுதைப்புலிகள். இன்னொன்று, கவிதையை விட்டுவிட்டு இங்கே வந்து காப்பி வியாபாரம் பார்த்த பிரெஞ்சுக் கவிஞர் ஆர்தர் ரெம்போ. இரண்டும் உண்மைதான், சுவையானவைதான். ஆனால் ஹராரின் பெருமை இவற்றில் இல்லை என்பது என் கருத்து. யாரை உள்ளே விடுவது, எவ்வளவு தூரம் விடுவது, எங்கே உட்காரவைப்பது என்ற கேள்வியை ஊர்வாசலிலிருந்து வீட்டுத் திண்ணைவரை கல்லிலும் மண்ணிலும் வைத்துக் கட்டிய நகரம் இது. அந்தக் கேள்வி எப்படிப் பிறந்தது என்பது தெரிந்தால்தான் கட்டடங்கள் புரியும்.

ஹராரில் இஸ்லாம் மிகப் பழையது. அங்குள்ள பள்ளிவாசல்களில் மூன்று பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்கிறார்கள். அரேபியாவிலிருந்து வந்த ஷேக் அபாதிர்தான் நகரத்தின் தலைமை வலி, அதாவது தலைமை இறைநேசர் என்பது ஊர்மக்களின் நம்பிக்கை. ஆனால் பெரிய அரசியல் இங்கே நுழைந்தது 1520இல். அந்த வட்டாரத்து முஸ்லிம் அரசான அதல் சுல்தானகத்தின் தலைநகரை சுல்தான் அபூபக்கர் இப்னு முஹம்மத் அந்த ஆண்டில்தான் ஹராருக்கு மாற்றினார். சில ஆண்டுகளுக்குள்ளேயே அவரைக் கொன்று அதிகாரத்தைக் கைப்பற்றினார் இமாம் அஹ்மத் இப்னு இப்ராஹீம். 1529இல் ஷிம்ப்ரா குரே என்ற இடத்தில் எத்தியோப்பியக் கிறிஸ்தவப் பேரரசரின் படையை அவர் முறியடித்தார். அதற்கடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மேட்டுநிலத்தின் பெரும்பகுதி அவர் கையில் இருந்தது.

அவருக்கு எதிராக வந்த உதவி நம் பக்கத்திலிருந்து போனது. 1541இல் கோவாவில் ஆளுநராக இருந்த எஸ்தவான் ட காமா கப்பற்படையோடு செங்கடலுக்குப் போனார். அவருடைய தம்பி கிறிஸ்தவான் ட காமா சுமார் 400 துப்பாக்கி வீரர்களோடு எத்தியோப்பியாவுக்குள் இறங்கினார். இருவருமே கோழிக்கோட்டுக்குக் கப்பலில் வந்த வாஸ்கோ ட காமாவின் பிள்ளைகள். மறுவருடம் கிறிஸ்தவான் பிடிபட்டார்; தலை வெட்டப்பட்டது. ஆனாலும் எஞ்சிய போர்த்துகீசியரும் பேரரசர் கலாவ்தேவோஸும் சேர்ந்து 1543 பிப்ரவரியில் வைனா தகா போரில் இமாமைக் கொன்றார்கள். அத்தோடு அவர் பிடித்த பெரும் நிலப்பரப்பும் கைநழுவிப் போனது.

இமாமின் மனைவி பதி தெல் வம்பரா ஹராருக்குத் திரும்பினார். இமாமின் சகோதரி மகன் நூர் இப்னு முஜாஹிதை மணந்துகொண்டார். பழிவாங்கித் தர வேண்டும் என்பதே திருமணத்துக்கான நிபந்தனை என்று மரபு சொல்கிறது. 1559இல் நூர் அதைச் செய்தார்: கலாவ்தேவோஸ் போர்க்களத்தில் இறந்தார், அவர் தலை ஹராருக்கு வந்தது. ஆனால் வெற்றியைக் கொண்டாட ஊரில் ஆட்களே மிச்சமில்லை என்ற நிலை. தெற்கிலிருந்து ஓரோமோ மக்கள் பெருந்திரளாக நகர்ந்து வந்துகொண்டிருந்தார்கள், சுற்றுப்புற நிலமெல்லாம் அவர்கள் கைக்குப் போனது. பின்னாலேயே பஞ்சம் வந்தது, அப்புறம் கொள்ளைநோய். 1560களின் கடைசியில் நூரையும் நோய்தான் கொண்டுபோனது.

மதில் இந்தக் காலத்துப் பிள்ளை. அதன் சில பகுதிகள் இன்னும் பழையவை என்ற கருத்தும் உண்டு. ஆனால் இன்றைய வடிவத்தைக் கொடுத்தவர் அமீர் நூர்தான், 1551க்கும் 1568க்கும் இடையில், என்பதை ஹராரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். பாதி எத்தியோப்பியாவை ஆண்டபோது ஹராருக்கு மதில் தேவைப்படவில்லை. நாடு போய், நிலம் போய், கடைசியில் ஊர் மட்டும் மிஞ்சியபோதுதான் அதைச் சுற்றிக் கல் அடுக்கினார்கள். 1577இல் தலைநகரமும் வடக்கே ஆவ்ஸாவுக்குப் போய்விட்டது. ஆனாலும் ஹரார் அழியவில்லை. அதற்கு மதில் ஒரு காரணம், அந்த மதிலுக்குள் வாழக் கற்றுக்கொண்ட விதம் இன்னொரு காரணம்.

மதில் சுமார் நான்கு மீட்டர் உயரம். உள்ளூரில் கிடைக்கும் ஹஷி என்ற கல்லை மண்சாந்தில் வைத்துக் கட்டி, இடையிடையே மரக்கட்டைகளைப் படுக்கைவாக்கில் கொடுத்திருக்கிறார்கள். பீரங்கியைத் தாங்கும் கோட்டைச் சுவர் கிடையாது. ஈட்டியும் குதிரையுமாக வருகிற கூட்டத்தைத் தடுக்க, வியாபாரிகளை வரிசையில் நிறுத்தி வரி வாங்க, இரவில் நிம்மதியாகத் தூங்க இது போதும்.

பழைய வாயில்கள் ஐந்து. வாயிலுக்கு அவர்கள் மொழியில் பரி என்று பெயர்; அசும் பரி, அர்கோப் பரி, பத்ரோ பரி என்று ஒவ்வொன்றும் வெளியே போகிற ஒரு பாதையைப் பார்த்து நிற்கிறது. ஊருக்குள்ளும் ஐந்து வாயில்களை ஒட்டி ஐந்து பேட்டைகள் இருந்தன. இஸ்லாத்தின் கடமைகள் ஐந்து, வாயில்களும் ஐந்து என்று ஊரார் சொல்வார்கள். பொழுது சாய்ந்தால் ஐந்தையும் மூடிவிடுவார்கள்.

மூடிய பிறகும் உள்ளே வர ஒருவருக்கு உரிமை இருந்தது. மதிலின் அடிப்பாகத்தில் ஆங்காங்கே ஒரு நாய் குனிந்து நுழையும் அளவுக்குத் துளைகள் இருக்கின்றன. அவை கழுதைப்புலிகளுக்காக விடப்பட்டவை. அவற்றுக்கு வரபா நுதுல் என்று தனிப் பெயரே உண்டு. சந்துகளில் கிடக்கும் எலும்பு, குடல், கழிவு எல்லாவற்றையும் விடிவதற்குள் தின்று தீர்த்துவிட்டு அவை வந்த வழியே போய்விடும். துப்புரவுப் பணியாளர் இல்லாத காலத்தில் இந்த நெருக்கமான ஊர் நோயில்லாமல் இருக்க அதுதான் வழி. ஆஷூரா நாளில் நெய் ஊற்றிய கஞ்சியைக் கழுதைப்புலிகளுக்கு வைத்து, அவை எவ்வளவு சாப்பிடுகின்றன என்பதை வைத்து வரும் ஆண்டுக்குக் குறி பார்க்கும் வழக்கமும் பழையது. இன்று சுற்றுலாப் பயணிகள் பார்க்கும் இறைச்சி ஊட்டும் காட்சி கடந்த சில பத்தாண்டுகளில் வந்தது. அந்த மதில் துளைகள்தான் மூத்தவை. எதிரிக்காக ஊரை அடைத்தவர்கள் விலங்குக்காக வழி விட்டுக் கட்டினார்கள் என்பது எனக்கு எத்தனை முறை படித்தாலும் வியப்பாகவே இருக்கிறது.

வாயிலைத் தாண்டி உள்ளே போனால் சந்துகள். பெரிய வழிகள் வாயில்களிலிருந்து புறப்பட்டு நடுவிலுள்ள கிதிர் மகலா என்ற பெரிய சந்தையை நோக்கிப் போகின்றன. மற்றவை வளைந்து, குறுகி, சில இடங்களில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி வழிவிட வேண்டிய அகலத்தில் ஓடுகின்றன. இருபக்கமும் உயரமான கல்சுவர். சுண்ணாம்பும் பச்சையும் நீலமும் இளஞ்சிவப்புமாக வண்ணம் பூசியிருப்பார்கள். தெருவைப் பார்த்து ஜன்னல் வைப்பது அரிது. வெளியிலிருந்து பார்த்தால் பணக்கார வீடு எது, ஏழை வீடு எது என்று சொல்ல முடியாது. சுவரில் ஒரு கதவு மட்டும் தெரியும். அதைத் திறந்தால் முற்றம். அந்த முற்றத்தைச் சுற்றி ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு மூன்று வீடுகள் இருக்கும், அடுக்களையும் அங்கேதான்.

ஹராரி வீட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கே கர் என்று அதைச் சொல்வார்கள். உள்ளே போனதும் வருவது கிதிர் கர் என்ற பெரிய அறை. அதில் நாற்காலி, கட்டில் எதுவும் இருக்காது. தரையே வெவ்வேறு உயரங்களில் ஐந்து திண்ணைகளாக எழும்பி நிற்கும். திண்ணைக்கு நதபா என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஆள் உண்டு. அமீர் நதபா வீட்டுத் தலைவருக்கும் மரியாதைக்குரிய விருந்தாளிக்கும். கிதிர் நதபா பெரியது. பெரியவர்கள், படித்தவர்கள் அதில் அமர்வார்கள். தித் நதபா சிறியது. இன்னொன்று ஒரு மூலையில் மறைவாக ஒதுங்கியிருக்கும், சுத்ரி நதபா. ஐந்தாவது கதவுக்குப் பின்னாலேயே இருக்கும். வயது, உறவு, தகுதி, ஆணா பெண்ணா என்பதையெல்லாம் வைத்து யார் எங்கே உட்கார வேண்டும் என்பது உள்ளே வருகிறவருக்கே தெரியும்; யாரும் கைகாட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

திண்ணைகளுக்குச் செம்மண் நிறம் பூசி, மேலே பாயும் கம்பளமும் மெத்தையும் விரித்திருப்பார்கள். சுவர் முழுக்க மாடக்குழிகள். அவற்றில் குர்ஆன் பிரதிகள், மரக் கிண்ணங்கள், பீங்கான் கோப்பைகள். சுவரில் அந்த வீட்டுப் பெண்கள் பின்னிய தட்டுக்கூடைகள், வரிசை தப்பாமல். இந்தக் கூடைகள் அலங்காரத்துக்கு மட்டும் தொங்குபவை என்று நினைத்துவிடக் கூடாது. பின்னல் வேலை பெண்பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து கற்கும் கலை; கல்யாணச் சீரில் கூடை இல்லாமல் இருக்காது; எந்தக் கூடை எந்தச் சடங்குக்கு என்பதற்கும் கணக்கு உண்டு. கதவுக்கு மேலே ஒரு கழியில் சுருட்டிய கம்பளங்கள் இருந்தால் கல்யாண வயதில் ஒரு பெண் இருக்கிறாள் என்று அர்த்தம் என்பார்கள்.

பெரிய அறையை ஒட்டிச் சின்னதாக ஒரு அறை இருக்கும், பெயர் கிர்தத். புதுமணத் தம்பதியர் முதல் நாள்களைக் கழிக்கும் இடம் அது. ஒதுக்கமாக, தாழ்ந்த கூரையோடு இருக்கும். அதற்கடுத்து சாமான் வைக்கும் அறை. மேலே பரண் போன்ற மாடி. கூரை தட்டையானது, மரத்தண்டுகளை நெருக்கமாக அடுக்கி அதன்மேல் மண் போட்டு மெத்தியது. கனமான கல்சுவரும் மண்கூரையும் சேர்ந்து பகல் வெயிலையும் மேட்டுநிலத்தின் இரவுக் குளிரையும் உள்ளே விடாது.

ஊருக்கு மதில், முற்றத்துக்குச் சுவர், அறைக்குள் திண்ணை. மூன்றுமே ஒரே வேலையைச் செய்கின்றன. உள்ளே வருகிறவரை ஒரே எட்டில் நடுவீட்டுக்குக் கொண்டுபோகாமல், படிப்படியாக, அவரவர் இடம் காட்டி ஏற்றுக்கொள்கின்றன. இறுக்கமான ஏற்பாடுதான், இதில் மேல் கீழ் உண்டு, பெண்ணுக்கு ஓரிடம் ஆணுக்கு ஓரிடம் என்பதும் உண்டு. ஆனால் நாலாபக்கமும் வேறு மொழி பேசும் மக்கள் சூழ்ந்திருக்க, ஒரு சின்ன ஊர் தன் மொழியையும் மார்க்கத்தையும் வழக்கங்களையும் சுமார் முந்நூறு ஆண்டுகள் காப்பாற்றியதில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். அஃபோச்சா என்ற சங்கங்களும் அதே வேலையைச் செய்தன. கல்யாணம், சாவு எது வந்தாலும் சங்கத்தார் வந்து நிற்பார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிச் சங்கங்கள்.

பள்ளிவாசல்களில் பெரும்பாலானவை பேட்டைக்கு ஒன்றாக அமைந்த சிறியவை, வீடுகளுக்கு நடுவே வீடுகள் போலவே நிற்பவை. ஜும்ஆப் பள்ளி ஒன்றுதான் வெள்ளை மினாராவோடு தூரத்திலிருந்தே தெரியும். தர்காக்கள் வேறு விதம். அமீர் நூரின் அடக்கத்தலம் பச்சை வண்ணக் கூம்பாக, மேலெல்லாம் கல் துருத்திக்கொண்டு நிற்கிறது. சில தர்காக்களில் ஒரு பழைய மரமும் கல்லும்தான். பெண் வலிமாரும் உண்டு. ஆய் அபிதாவின் இடத்துக்குப் பிள்ளை வரம் கேட்டு வருவார்கள்.

1647இல் அலி இப்னு தாவூத் ஹராரைத் தனி அமீரகமாக அறிவித்தார். அது 1875வரை நீடித்தது. ஸெய்லா, பெர்பெரா துறைமுகங்களுக்கும் உள்நாட்டு மேட்டுநிலத்துக்கும் இடையே போகிற வணிகக்கூட்டங்கள் இங்கேதான் தங்கின. காப்பி, தந்தம், தோல், துணி எல்லாம் கைமாறின. ஹரார் சொந்தமாகக் காசு அடித்தது. குர்ஆன் பிரதி எடுப்பதிலும், அவற்றுக்குத் தோலட்டை கட்டுவதிலும் ஊர் பேர் வாங்கியது.

கிறிஸ்தவர் காலடி பட்டால் நகரம் விழுந்துவிடும் என்று ஒரு பேச்சு இருந்தது. 1854 நவம்பரில் ரிச்சர்ட் பர்ட்டன் என்ற ஆங்கிலேயர் ஸெய்லாவிலிருந்து அரபு வணிகர் வேடத்தில் புறப்பட்டார். 1855 ஜனவரியில் ஊரை நெருங்கியதும் வேடத்தைக் களைந்து ஆங்கிலேயராகவே வாயிலில் நின்றார். அமீர் அஹ்மத் அவரைப் பத்து நாள் தங்கவைத்து உயிரோடு அனுப்பிவைத்தார். ஐரோப்பாவில் இது பெரிய சாகசமாகப் பேசப்பட்டது. ஹராருக்கு அது ஒரு சின்ன நிகழ்ச்சிதான். விழவைத்தவர்கள் வேறு ஆட்கள். முதலில் வந்தவர்கள் முஸ்லிம்களான எகிப்தியர்கள்: 1875இல் ரவூஃப் பாஷாவின் படை உள்ளே வந்தது, அமீர் கொல்லப்பட்டார், பத்தாண்டு ஆண்டார்கள். 1885இல் அவர்கள் போனதும் அமீர் அப்துல்லாஹி பதவிக்கு வந்தார். 1887 ஜனவரியில் செலெங்கோ என்ற இடத்தில், பின்னாளில் எத்தியோப்பியப் பேரரசரான ஷேவா மன்னர் மெனெலிக்கின் படை அவரைத் தோற்கடித்தது. போர் சீக்கிரமே முடிந்துவிட்டது. ஆனால் அதில் விழுந்தவர்களின் ரத்தத்தை நினைத்துத்தான் திண்ணைக்குச் செம்மண் பூசுகிறோம் என்று ஹராரில் இன்றும் சொல்வார்கள்.

அதற்குப் பிறகு ஊரின் உருவம் மாறத் தொடங்கியது. ஆளுநராக வந்தவர் ராஸ் மகொன்னன், பின்னாளில் பேரரசர் ஹைலி செலாசியாக ஆன பிள்ளையின் தந்தை. மேற்குப் பக்கம் மதிலை உடைத்து ஆறாவதாக ஓர் அகன்ற வாயில் வந்தது. அதிலிருந்து ஃபரஸ் மகலா என்ற குதிரைச் சந்தை மைதானத்துக்கு நேர்ச்சாலை போட்டார்கள். அங்கே எகிப்தியர் கட்டிய பள்ளிவாசல் இருந்த இடத்தில் மெத்ஹானி ஆலெம் தேவாலயம் எழுந்தது. எந்த வாயிலிலும் தயங்கி நின்று உள்ளே வர வேண்டிய ஊருக்குள் நேராகக் குதிரையோட்டிக்கொண்டு வர ஒரு வழி. அரசு மாறியதை அந்தச் சாலையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இந்தியர்கள் வந்ததும் அப்போதுதான். 1887க்குப் பிறகு வந்த இந்திய வணிகர்கள் தங்கள் வழக்கப்படி வீடு கட்டினார்கள்: செவ்வகமான இரண்டடுக்குக் கட்டடம், தெருவையோ முற்றத்தையோ பார்த்த மர வராந்தா, ஜன்னல்கள். தெருவுக்கு முதுகைக் காட்டி நின்ற ஊரில் முதல்முறையாக வீடுகள் தெருவைப் பார்த்தன. போகப்போக ஹராரிகளும் இதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்; கீழே நதபா திண்ணைகள், மேலே மர வராந்தா என்று இரண்டும் கலந்த மூன்றாவது வகை வீடு உருவானது. ரெம்போ வீடு என்று இன்று காட்டப்படும் அழகான மர மாளிகையும் ஓர் இந்திய வணிகர் கட்டியதுதான். ரெம்போ 1891இலேயே ஊரைவிட்டுப் போய்விட்டார். அந்த வீடு அதற்குப் பிறகு எழுந்தது. பெயர்ப்பலகையில் கவிஞர் இருக்கிறார், கட்டியவரை யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

வணிகத்தை முடித்துவைத்தது ரயில். ஜிபூத்தியிலிருந்து வந்த பாதை மலையேறி ஹராருக்கு வராமல் கீழே சமவெளியில் 1902இல் திரே தாவாவைத் தொட்டது. சரக்கும் பணமும் அங்கே இறங்கின. மீதமிருந்ததை 1975இல் ராணுவ அரசின் சட்டம் எடுத்துக்கொண்டது. ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு, கூடுதல் வீடுகளும் நிலமும் அரசுக்கு என்றது அந்தச் சட்டம். முற்றத்தைச் சுற்றி உறவுக்காரர்கள் வாழ்ந்த இடத்தில் வாடகைக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். ஏராளமான ஹராரிகள் அடிஸ் அபாபாவுக்கும் வெளிநாடுகளுக்கும் போனார்கள்.

இன்று மதிலுக்கு ஆபத்து எந்தப் படையாலும் இல்லை. மண்கூரைக்கு மேல் தகரம் ஏறிவிட்டது, ஏனென்றால் மண்கூரையை வருடாவருடம் பார்த்துப் பார்த்து மெத்த வேண்டும். மண்சாந்து பெயர்ந்த இடத்தில் சிமெண்ட் பூசுகிறார்கள். ஹஷி கல்லுக்கும் மண்ணுக்கும் சிமெண்ட் ஆகாது. உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவர் உள்ளிருந்தே உதிரும். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. குடும்பம் பெருகிவிட்டது, இடம் அதே 120 ஏக்கர். ஒரு அறை கூட்டிக் கட்டினால்தான் பிள்ளைகள் படுக்க முடியும். மக்கள் வாழ்கிற ஊர் என்பதால்தான் ஜுகோலுக்கு இவ்வளவு மதிப்பு, ஆனால் அவர்கள் வாழ வேண்டுமானால் ஊரை மாற்றத்தான் வேண்டும். பழைய முறையில் கல் அடுக்கத் தெரிந்த கொத்தனார்களுக்கு நல்ல கூலியும் மண்கூரை போடுகிற வீட்டுக்காரருக்கு மானியமும் கொடுக்காமல், கட்டடத்தைத் தொடாதே என்று மட்டும் சொல்வது நியாயமில்லை.

1995 அரசியல் சட்டத்தில் ஹராரி மக்களுக்குத் தனி மாநிலம் கிடைத்தது. நாட்டிலேயே மிகச் சிறிய மாநிலங்களில் ஒன்று. 2007 கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை 1,83,415. அதில் ஹராரிகள் 9 விழுக்காடுகூட இல்லை, பாதிக்கு மேல் ஓரோமோ மக்கள். ஆனாலும் மாநில அவையின் 36 இடங்களில் 14 ஹராரிகளுக்கு மட்டுமே உரியவை. அவற்றுக்கு மாநிலத்துக்கு வெளியே வாழும் ஹராரிகளும் வாக்களிக்கலாம். அமீர் நூர் காலத்திலிருந்து பார்க்கும்போது இது புரிகிறது: சுற்றிலும் பெரும்பான்மை சூழ்ந்த ஒரு சின்னக் கூட்டம் தன் இடத்தை உறுதி செய்துகொள்கிறது. ஆனால் இன்று ஓரோமோ குடும்பங்கள் மதிலுக்கு வெளியே நிற்கிறவர்கள் இல்லை. அவர்களில் பலர் ஜுகோலுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்கள், அதே சந்துகளில் கடை வைத்திருப்பவர்கள், அதே பள்ளிவாசல்களில் தொழுபவர்கள். இந்த 14 இடங்கள் பற்றிய வாக்குவாதம் இன்னும் தீரவில்லை.